சாமுவேல் என்று பெயர் வைக்கப்போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஞாயிறு வகுப்பில் எபிரெய எழுத்து சொல்லிக்கொடுப்பதால், ஞானஸ்நானம் நெருங்கும்போது இளம் பெற்றோர் என்னிடம் பெயருக்கு அர்த்தம் கேட்டு வருவார்கள். சாமுவேல் என்றால் மட்டும் அர்த்தத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள், தவறாக.

"தேவன் கேட்டார்" என்று எழுதுவது

1 சாமுவேல் 1:20-இல் சாமுவேலின் தாய் அன்னாள், கர்த்தரிடம் கேட்டுப் பெற்றேன் என்று சொல்லிப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறாள். தமிழில் வேண்டுவதும் கேட்பதுதான், காதில் வாங்குவதும் கேட்பதுதான். அன்னாள் கேட்டாள், தேவனும் கேட்டார், சரி, அர்த்தம் கிடைத்துவிட்டது என்று நம் ஆட்கள் முடித்துவிடுகிறார்கள். எபிரெயத்தில் இவை வெவ்வேறு சொற்கள். வேண்டுவது ஷாஅல், செவிகொடுப்பது ஷாமா.

சாமுவேல் என்பதன் எழுத்துகளைப் பாருங்கள்: ஷின், மேம், வாவ், ஆலெப், லாமெத். ஷாஅலில் மேம் கிடையாது. ஷாமாவின் கடைசி எழுத்தான ஆயின் இந்தப் பெயரில் இல்லை. ஷெம் என்றால் பெயர், ஏல் என்றால் தேவன். "அவர் பெயர் ஏல்" அல்லது "தேவனுடைய பெயர்" என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் பொருள். "தேவன் கேட்கிறார்" என்ற பொருள் இஸ்மவேலுக்கு உரியது, ஆதியாகமம் 16:11.

ஒரு தம்பதி "தேவன் கேட்டார்" என்பதை யாரிடமோ எபிரெயத்தில் எழுதி வாங்கி, தங்க டாலரில் பொறித்துக் கொண்டுவந்தார்கள். ஷின், மேம், ஆயின், ஆலெப், லாமெத். முன்னால் ஒரு யோத் சேர்த்தால் அது இஸ்மவேல்! குழந்தையின் பெயர் அதில் எங்குமே இல்லை. செய்கூலி, சேதாரம் எல்லாம் போச்சு. எழுத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

அப்படியானால் அன்னாள் சொன்னது? அது ஷாஅலை வைத்துச் செய்த சிலேடை. 1:28-இல் பிள்ளை கர்த்தருக்கென்று "கேட்கப்பட்டவன்" என்கிற இடத்தில் மூலத்தில் இருப்பது ஷாஊல், அப்படியே இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் பெயர். 8-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் ராஜாவைக் கேட்பதற்கும் இதே வினைச்சொல்தான். இந்தப் பிறப்புக் கதையே முதலில் சவுலுடையது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. வரப்போகிற ராஜாவின் பெயரைத் தாயின் வாயிலேயே ஒலிக்கவிட்டிருக்கிறார் எழுதியவர், அவ்வளவுதான்.

அழைப்பிதழில் அந்த வசனத்தைத் தாராளமாகப் போடுங்கள். அன்னாளின் வார்த்தையாகப் போடுங்கள், பெயரின் அர்த்தமாக வேண்டாம்.

பெயருக்குள் "வேல்" தேடுவது

சாமு, ஏல் இரண்டுக்கும் நடுவே வரும் வ் நம் உடம்படுமெய் மாதிரிதான். முருகனின் வேல் அல்ல. இம்மானுவேலுக்கும் இதே பதில்.

ஏலியும் "ஏலீ"யும் ஒன்று என்பது

சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியின் பெயர் ஆயினில் தொடங்குகிறது. உயர்வைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. சிலுவையில் ஒலித்த "ஏலீ" ஆலெப்பில் தொடங்குகிறது. "என் தேவனே" என்று பொருள்.

அதிர்ஷ்ட எண்ணோடு வரும் அர்த்தம்

படிக்காதீர்கள்.