டிரேடிங் கணக்கில் பணம் போடும்போதும் எடுக்கும்போதும் நடக்கும் தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் பணம் கைமாறுவது பெரும்பாலும் ஆள் பழக்கத்தில்தான். ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, அவசரத்துக்குக் கைமாற்று என எல்லாவற்றிலும் முகம் தெரிந்திருந்தால் போதும். பங்குச் சந்தைக் கணக்கு அப்படி ஓடுவதில்லை. பணம் யார் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து வந்தது, எந்த நாளில் வந்தது, எந்த வேலைக்காக நிற்கிறது என்ற மூன்றும் அங்கே முக்கியம்.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கப் போடும் பணத்தைப் பத்திரமாகப் போய்வர வைப்பது எப்படி என்று சொல்ல ஆள் குறைவு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வருபவர்களுக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருடம் உழைத்து பி.எஃப். எடுத்தவர்களுக்கும் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி இப்போது செல்போன் வழியாகப் பங்குக் கணக்குக்குப் போகிறது. அந்தப் பணம் வழியில் சிக்கக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

அடுத்தவர் கணக்கிலிருந்து பணம் போடுவது

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். அம்மா பெயரில் டிரேடிங் கணக்கு (தரகர் வழியாகப் பங்கு வாங்கி விற்கும் கணக்கு), பணம் அனுப்புவது மகனுடைய ஜிபேயிலிருந்து. அல்லது மனைவி பெயரில் கணக்கு, பணம் வருவது கணவரின் சம்பளக் கணக்கிலிருந்து. வீட்டுக்குள் எல்லாம் ஒரே பணம்தானே என்று நமக்குத் தோன்றும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி அதை ஏற்காது. டிரேடிங் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில் பதிவாகியிருக்கும் வங்கிக் கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும். வெளியே போவதும் அதற்குத்தான்.

யூபிஐ வழியாகத் தரகரின் செயலிக்குள்ளிருந்தே அனுப்பினால் பெரும்பாலும் உடனே தடுத்துவிடும், பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியாக அனுப்பினால்தான் சிக்கல். பணம் உங்கள் வங்கியிலிருந்து கழிந்துவிடும், தரகரின் வங்கிக்கும் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் டிரேடிங் கணக்கில் ஏறாது. பெயர் பொருந்தவில்லை என்று வந்த வழியே திருப்பி அனுப்பச் சில நாள் ஆகும். அதற்குள் வாங்க நினைத்த விலை போயிருக்கும்.

சரியான வழி கொஞ்சம் சுற்று, ஆனால் எளிது. கணவர் தம் கணக்கிலிருந்து மனைவியின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து அவருடைய டிரேடிங் கணக்குக்குப் போக வேண்டும். மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அன்பளிப்பு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணத்தில் வரும் லாபத்தை வருமான வரிச் சட்டம் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கும். வரியைக் குறைக்கலாம் என்று நினைத்து மனைவி பெயரில் கணக்குத் திறப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்புவதாக இருந்தால், அதில் உங்கள் பெயரும் இருப்பதற்கான சான்றைக் கொடுத்து முன்கூட்டியே தரகரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, பழைய வங்கிக் கணக்கு. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன் வங்கியும் ஆந்திரா வங்கியும் யூனியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் இணைந்தன. அந்த வங்கிகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் அப்புறம் மாறின. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் பழைய விவரமே இருந்தால், கம்பெனி லாபத்திலிருந்து தரும் டிவிடெண்ட் திரும்பிப் போகலாம். டிவிடெண்ட் டிரேடிங் கணக்குக்கு வராது, டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராக வரும். அதை டிரேடிங் செயலியில் தேடிப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதுபவர்களும் உண்டு.

கையில் ரொக்கம் கொடுப்பது

இது சிறிய தவறு அல்ல. பங்குத் தரகர் வாடிக்கையாளரிடம் ரொக்கம் வாங்கவே கூடாது. தரகரின் வங்கிக் கணக்கில் ரொக்கத்தைக் கொண்டுபோய்க் கட்டுவதும் கூடாது என்று 2018 ஜூலையில் செபி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரில் கிளை வைத்து நடத்துபவர் தரகரின் அங்கீகரிக்கப்பட்ட நபராக இருந்தாலும், தம் சொந்தப் பெயரிலோ சொந்தக் கணக்கிலோ உங்கள் பணத்தை வாங்க அவருக்கு உரிமை இல்லை. அவர் உங்கள் அத்தை மகனாகவே இருக்கட்டும், விதி அதேதான்.

இதை வேலூர்க்காரர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது. காட்பாடியிலிருந்து இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தின் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொல்லி, ஊருக்கு ஊர் ஏஜெண்டுகள் வழியாகப் பணம் திரட்டியதாகப் புகார். ஏஜெண்டுகள் பலர் பணம் போட்டவர்களின் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள். அதனால்தான் கேள்வி கேட்க மனம் வரவில்லை.

உங்கள் பெயரில் டீமேட் கணக்கு இல்லாமல், வாங்கியதற்கும் விற்றதற்கும் தரகர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட் வராமல், ‘உங்க பணத்தை நான் மார்க்கெட்ல போட்டுக்கறேன்’ என்று யார் வாங்கினாலும் அது பங்கு முதலீடு ஆகாது. நிச்சய வருமானம் தருகிறேன் என்று யாராவது வாங்கிய பணத்துக்குப் பங்குச் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலிருந்து இழப்பீடும் கிடைக்காது.

செல்போனில் இதன் புது வடிவம் வாட்ஸ்ஆப் குழுவும் போலிச் செயலியும். செயலி பார்க்க அசல் போலவே இருக்கும், லாபம் ஏறிக்கொண்டே போகும். பணம் அனுப்பச் சொல்வது மட்டும் யாரோ ஒரு தனியாளின் கணக்குக்கோ, வாரத்துக்கு ஒரு பெயரில் மாறும் ஏதோ ஒரு டிரேடர்ஸ் கணக்குக்கோ இருக்கும். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். பங்கு லாபத்துக்கு வரி அரசுக்குக் கட்டுவது. எந்தத் தரகரும் பணத்தைத் திருப்பித் தர முன்கூட்டி வரி கேட்பதில்லை.

இதைத் தடுக்கச் செபி ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல், பதிவு பெற்ற தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் தனி யூபிஐ முகவரி. ‘@’ குறிக்குப் பின் ‘வேலிட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் வரும். தரகர் என்றால் குறிக்கு முன்னால் ‘பி.ஆர்.கே.’ என்ற மூன்று எழுத்து இருக்கும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய படம் தெரியும். அது தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தார்கள் என்றால் ‘செபி செக்’ வசதியில் அந்த எண் உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். ஏமாந்துவிட்டது தெரிந்தால் யோசித்துக்கொண்டு உட்காராமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டிப் போகும் முன் முடக்க வாய்ப்பு இருக்கும்.

திரையில் தெரியும் தொகையை நம்பித் தேதி குறிப்பது

செயலியில் மூன்று தொகை தெரியும். மொத்த இருப்பு ஒன்று, பங்கு வாங்கப் பயன்படுத்தக்கூடியது ஒன்று, வங்கிக்கு எடுக்கக்கூடியது ஒன்று. இன்று பங்கு விற்றால் அந்தத் தொகையை வைத்து இன்றே வேறு பங்கு வாங்கப் பல தரகர்கள் விடுவார்கள். வங்கிக்கு எடுக்க மட்டும் முடியாது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி பிளஸ் 1 நடைமுறை, அதாவது விற்ற நாளுக்கு அடுத்த வேலைநாளில்தான் பணம் உங்களுடையதாகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கக் கோரிக்கை கொடுத்து, தரகர் அனுப்பி, வங்கியில் ஏற வேண்டும். ஒவ்வொரு தரகருக்கும் அதற்கு ஒரு நேரக் கெடு உண்டு. தவறினால் இன்னொரு நாள்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குத் திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும் என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை பங்கை விற்றால் சரியாக இருக்கும் என்று தோன்றும். வெள்ளி விற்றது திங்கள்தான் செட்டில் ஆகும், கைக்கு வர செவ்வாய் ஆகலாம். கல்லூரிக் கட்டணத்துக்கும் இதே கணக்குதான். தேதி குறித்த செலவு இருந்தால் ஒரு வாரம் முன்பே விற்றுப் பணத்தை வங்கிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் விலை ஏறிவிட்டால் ஏறட்டும். ஆஸ்பத்திரிப் பணத்தைச் சந்தையில் வைத்துக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விடுமுறையும் ஒரு சிக்கல். பொங்கல், மாட்டுப் பொங்கலுக்கு நம் வங்கிக் கிளைகள் மூடியிருக்கும், சந்தை வழக்கமாக நடக்கும். யூபிஐ, நெட்பேங்கிங் அன்றும் ஓடும். கிளைக்குப் போய்ப் படிவம் நிரப்பி ஆர்.டி.ஜி.எஸ். செய்யும் பெரியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மறுபக்கம், மும்பையில் வங்கி விடுமுறை வரும் சில நாட்களில் வாங்கல் விற்றல் நடக்கும், பணமும் பங்கும் கைமாறும் செட்டில்மெண்ட் மட்டும் நடக்காது. இங்கே அன்று வங்கி திறந்திருக்கும், பணம் ஏன் வரவில்லை என்று புரியாது. வருட ஆரம்பத்தில் பங்குச் சந்தைகள் வெளியிடும் செட்டில்மெண்ட் விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

பணம் போடும்போது வங்கியில் கழிந்து செயலியில் ஏறாமல் போவதும் நடக்கும். பதற்றத்தில் அதே தொகையை இன்னொரு முறை அனுப்பிவிடாதீர்கள், இரண்டும் ஏறிவிடும். அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான யூ.டி.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு தரகரிடம் கேளுங்கள்.

ஒரு கம்பெனி முதன்முதலாகப் பங்கு வெளியிடும் ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்று டிரேடிங் கணக்கில் பணம் ஏற்றுவதும் வீண் வேலை. ஐ.பி.ஓ. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும், பங்கு ஒதுக்கினால்தான் கழியும். யூபிஐயில் வரும் அனுமதிக் கோரிக்கையைக் கெடுவுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த யூபிஐ உங்கள் சொந்த வங்கிக் கணக்கினுடையதாக இருக்க வேண்டும். முடங்கிய தொகையை மறந்துவிட்டு அதே கணக்கில் வீட்டுக் கடன் தவணை வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள், தவணை திரும்பினால் அபராதம்.

சும்மா கிடக்கும் பணமும் மைனஸும்

இறங்கும்போது வாங்கலாம் என்று 2 லட்சம் ரூபாயைத் தரகரிடம் போட்டு வைப்பவர்கள் உண்டு. அதற்கு வட்டி வராது. சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்தாலும் 5,000 ரூபாய் போகிறது. யூபிஐயில் நிமிடத்தில் அனுப்ப முடிகிற காலத்தில் முன்கூட்டிக் குவித்து வைக்க ஒரு காரணமும் இல்லை. உடனே தேவைப்படாத தொகை வங்கியிலோ, சீக்கிரம் எடுக்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்டான லிக்விட் ஃபண்டிலோ இருக்கட்டும். பயன்படுத்தாத பணத்தை மாதத்துக்கு ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் தேர்ந்தெடுத்தபடி, தரகர் வங்கிக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்பது விதி. திடீரென்று பணம் வந்துவிட்டதே, கணக்கை மூடிவிட்டார்களோ என்று பயப்படத் தேவையில்லை. திருப்பாதே என்று கேட்கவும் தேவையில்லை. மாதம் ஒருமுறை என்பதையே தேர்ந்தெடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு, கணக்கு மைனஸில் போவது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், பங்கு விற்கும்போது டீமேட்டுக்கான கட்டணம் எல்லாம் டிரேடிங் கணக்கின் இருப்பிலிருந்துதான் கழியும். இருப்பு பூஜ்யமாக இருந்தால் மைனஸ் ஆகி அதற்கு வட்டி ஓடும். நாளுக்கு 0.05 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டும். சில நூறு ரூபாயை விட்டு வையுங்கள். சிறு முதலீட்டாளர் என்றால் அடிப்படைச் சேவை டீமேட் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பராமரிப்புக் கட்டணமே இல்லை.

பங்கு வாங்கத் தரகர் தரும் எம்.டி.எஃப். என்ற கடன் வசதியை இன்னும் கவனிக்க வேண்டும். வாங்கும் திரையில் அது தேர்வாகியிருப்பதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினால், 1 லட்சத்துக்கு வாங்கியதில் பாதிக்கு மேல் கடனாக இருக்கலாம், விற்கும் வரை வட்டி ஓடும். விலை சரிந்து, கூடுதல் மார்ஜின், அதாவது பிணையாக வைக்கும் பணம், கேட்டும் போடாவிட்டால் தரகரே விற்றுவிடலாம். எஃப் அண்ட் ஓ. (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: அடமானம் வைத்த பங்கை மட்டும் நம்பி இருக்க முடியாது, அன்றே முடிக்காமல் மறுநாளுக்கு வைத்திருக்கும் வர்த்தகங்களுக்கு மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும்.

கடைசியாகக் கணக்குப் பார்ப்பது. தரகரிடம் உங்கள் பணமும் பங்கும் எவ்வளவு இருப்பதாகத் தரகர் தெரிவித்திருக்கிறார் என்று பங்குச் சந்தையிலிருந்து குறுஞ்செய்தி வரும். விளம்பரம் என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். 2019 நவம்பரில் கார்வி நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் செபி உத்தரவு போட்டது நினைவிருக்கலாம். அந்தக் குறுஞ்செய்தியில் வரும் தொகையைச் செயலியில் லெட்ஜர் என்று இருக்கும் வரவு செலவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு உங்கள் சொந்த செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்க வேண்டும், கணக்குத் திறந்து கொடுத்தவருடையது அல்ல. தொகை பொருந்தாவிட்டால் முதலில் தரகருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். 21 நாட்களுக்குள் தரகர் பதில் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கேட்க 1800 22 7575 என்ற செபியின் இலவச எண் இருக்கிறது.