கிரேக்கத் தீவுப் பயணம்: முதலில் கப்பல், அப்புறம்தான் அறை

ஓர் ஆகஸ்ட் மாதம், நக்சோஸ் துறைமுகத்தில் காற்றால் கப்பல் ரத்தாகி, அன்றிரவு ஏதென்ஸில் ஏற வேண்டிய விமானத்தைத் தவறவிட்டேன். அடுத்த வருடம் திட்டத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி போய் வந்தேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, காப்பீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், தாவிவிடுகிறேன்.

1. ஒரே கூட்டத்துத் தீவுகளாக எடுங்கள். சாண்டோரினியையும் கார்ஃபுவையும் ஒரே வாரத்தில் பார்க்க ஆசைப்படாதீர்கள். முதலாவது ஈஜியன் கடலில், இரண்டாவது நாட்டின் மேற்குப் பக்கம் அயோனியன் கடலில். நேர் கப்பலே கிடையாது. முதல் தடவை என்றால் சிக்லடீஸ் கூட்டம் போதும்: பாரோஸ், நக்சோஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி. 7 இரவுக்கு இரண்டு தீவு, அதற்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால் நக்சோஸில் 3, சாண்டோரினியில் 2, ஏதென்ஸில் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. நக்சோஸ் விவசாயத் தீவு, அதன் உருளைக்கிழங்குக்கும் கிராவியேரா சீஸுக்கும் கிரேக்கம் முழுக்கப் பெயர் உண்டு. சாண்டோரினியை விடச் செலவும் குறைவு.

2. கப்பல் நேரத்தைப் பாருங்கள். நான் ஃபெரிஹாப்பர் செயலியில்தான் பார்க்கிறேன். கார் ஏற்றும் பெரிய கப்பலில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் இருந்து நக்சோஸுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகக் கப்பல் சீக்கிரம் போகும், ஆனால் டிக்கெட் விலை அதிகம், குலுக்கலும் அதிகம். பெரிய கப்பலில் மேல்தளத்தில் திறந்த வெளியில் உட்கார்ந்து வரலாம், என் ஓட்டு அதற்குத்தான்.

3. காற்று. இங்கேதான் நான் மாட்டினேன். மெல்டெமி என்று ஒரு காற்று, நம் வாடை மாதிரி வடக்கில் இருந்து வருவது, ஆனால் கோடையில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில். அன்று காலை வானத்தில் ஒரு மேகம் இல்லை, மழை இல்லை, போர்டாரா என்கிற அந்தப் பழைய பளிங்கு வாசல் பளிச்சென்று வெயிலில் நிற்கிறது, அதன் அடியில் அலை பாறையில் மோதி வெள்ளையாய் எழும்புகிறது. வானத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 8 வந்தால் பொதுவாகப் பெரிய கப்பலையும் நிறுத்திவிடுவார்கள், வேகக் கப்பல் அதற்கு முன்பே நிற்கும். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லை அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். போன விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஏதென்ஸில் இருங்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு இரவு வைத்தாலும் தப்பில்லை. என்னால் முடிந்தால் செப்டம்பரில்தான் போவேன், கடலும் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும்.

4. இப்போது அறை போடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில்.

5. ஏறும் நாள். கப்பலின் கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தின் ஓரமாக, தீவின் பெயர் எழுதிய பை அடுக்குகள் இருக்கும். உங்கள் தீவுப் பெயரில் வையுங்கள், அடுக்கை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் தீவுகளில் கப்பல் சில நிமிடம்தான் நிற்கும், அறிவிப்பு வந்ததும் கீழே இறங்கிப் பையோடு தயாராக நில்லுங்கள்.

பின்சேர்க்கை: பிரேயஸில் வாசல் தெரியாமல் அலைந்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஈ1 முதல் ஈ12 வரை வாசல்கள் இருக்கின்றன, ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பையோடு நடக்க முடியாது. சிக்லடீஸ் கப்பல்கள் பெரும்பாலும் ஈ6, ஈ7 பக்கம், மெட்ரோ நிலையத்துக்கு எதிரிலேயே. ரோட்ஸ் தீவு என்றால் ஈ1, அது தூரம், துறைமுகத்துக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. விமான நிலையத்தில் இருந்து நீல நிற மெட்ரோ 2022 முதல் பிரேயஸ் வரையே போகிறது, சுமார் ஒரு மணி நேரம். வாசல் எண்ணை முந்தைய நாள் டிக்கெட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மாற்றினால் பெரும்பாலும் குறுஞ்செய்தி வரும்.