பழைய ஹீரோகுவெஸ்ட் உருவங்களுக்கு வண்ணம் பூசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மில்டன் பிராட்லியும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் இணைந்து 1989இல் வெளியிட்ட ஹீரோகுவெஸ்ட் என்ற பலகை விளையாட்டின் பெட்டியில் மொத்தம் 35 பிளாஸ்டிக் உருவங்கள். நாயகர்கள் நால்வர், மீதி 31 பேரும் அவர்களை எதிர்க்கும் ஓர்க், கோப்ளின், எலும்புக்கூடு, மம்மி வகையறாக்கள். ஒற்றைக்கண் ஃபிமிர் மூன்றும் அதில் அடக்கம். 2021இல் வந்த புதிய பதிப்பில் ஃபிமிர் இல்லை. வேறோர் அரக்க இனத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். பழைய பெட்டியில் ஒன்று பாழானால் அதே அச்சில் இன்னொன்று கிடைப்பது எளிதல்ல.

வண்ணம் பிடிக்கவில்லை என்றால் மேலே வேறு வண்ணம் பூசிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கெட்டுவிட்டால் அவ்வளவுதான். ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன்பு நேரும் தவறுகளைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

அவற்றில் மிக மோசமானது, பழைய பெயின்ட்டை அகற்ற நகப்பூச்சு நீக்கியையோ தின்னரையோ எடுப்பது. கைமாறி வரும் பெட்டிகளில் முன்பு யாரோ தடிமனாக அப்பிய எனாமல் பெயின்ட் இருப்பது சகஜம். அசிட்டோன் அதை மட்டும் கரைக்காது. பல வகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். சில நிமிடங்களில் மந்திரவாதியின் முகம் வழவழப்பான உருண்டையாகிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் பெரும்பாலும் பாதுகாப்பானது. அதையும் முதலில் அடிப்பீடத்தின் கீழ்ப்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். கையுறை, காற்றோட்டம் இரண்டும் அவசியம். அருகில் நெருப்பு கூடாது. பழைய பூச்சு மெல்லியதாக இருந்து நுணுக்கங்கள் தெரிந்தால் அதை அகற்றவே வேண்டாம். மேலேயே பிரைமர் (வண்ணம் பிடித்து நிற்க உதவும் அடிப்பூச்சு) அடிக்கலாம்.

அடுத்தது வளைந்த ஆயுதங்கள். இந்தத் தொகுப்பின் எலும்புக்கூடுகள் ஏந்தியிருக்கும் நீண்ட அரிவாளின் பிடி மிக மெல்லியது; பல ஆண்டுகள் பெட்டிக்குள் நசுங்கிக் கோணியிருக்கும். அப்படியே விரலால் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் சுடுநீரில் சில விநாடிகள் அமிழ்த்தி, இளகியதும் மெதுவாக நேராக்கி, பிடித்த கையோடு குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஒரே முறையில் முழுவதும் நிமிர வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவை செய்வதே நல்லது.

கழுவாமல் பூசுவதும் பரவலான தவறு. கைகளின் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பெயின்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி போதும். நன்றாகக் காய வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பிதுங்கி நிற்கும் அச்சுக்கோடுகளைக் கத்தியின் பின்விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். மென்மையான பிளாஸ்டிக்கை அரத்தால் தேய்த்தால் நார் நாராகக் கிளம்பும்.

பிரைமரில் வானிலையைக் கவனிக்காதவர்கள் ஏராளம். ஈரப்பதமான நாளில் ஸ்பிரே அடித்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும். டப்பாவைத் தள்ளிப் பிடித்தாலும் அதே கதி: துளிகள் உருவத்தை அடையும் முன்பே காய்ந்துபோகும். ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தூரம் சரி. வளைத்தால் ரப்பர்போல் வளையும் உருவமாக இருந்தால் ஸ்பிரேயைத் தவிர்த்துத் தூரிகையால் பூசும் பிரைமரையே நாடுங்கள். மென்பிளாஸ்டிக் சில ஸ்பிரேக்களோடு வினைபுரிந்து கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

இனி வண்ணம். இந்தக் கால உருவங்களின் செதுக்கல் ஆழம் குறைவு. நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டைப் புட்டியிலிருந்து எடுத்தபடியே பூசினால் குள்ளனின் தாடி இழைகள் ஒரே பூச்சில் மூடிவிடும். பால் பதத்துக்கு நீர் கலந்து, ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்த பூச்சு கொடுங்கள். முதல் பூச்சில் திட்டுத்திட்டாகத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்து மிரண்டுதான் பலர் பெயின்ட்டை அள்ளி அப்புகிறார்கள். பள்ளங்களுக்கு நிழல் தரும் வாஷ் பூசும்போதும் அது தேங்கும் இடங்களை ஈரத் தூரிகையின் நுனியால் உறிஞ்சிவிட வேண்டும். தவறினால் காய்ந்தபின் கறை வளையம் நிற்கும். மிகச் சிறிய தூரிகையைத் தேடி அலையவும் வேண்டாம். அதில் பெயின்ட் முகத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். கூர்நுனி கெடாத 1ஆம் எண் தூரிகையே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

எளிதில் மறந்துபோகும் ஒன்று உண்டு: இவை விளையாடுவதற்கான உருவங்கள். ஓர்க் எது, கோப்ளின் எது என்று மேசையின் மறுமுனையில் இருப்பவருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். எட்டு ஓர்க்குகளுக்கும் எட்டு விதத் தோல்நிறம் கொடுத்தால் அலமாரியில் அழகாக இருக்கலாம்; ஆட்டத்தில் குழப்பம்தான். இனத்துக்கு ஒரு தோல்நிறம், ஆடையில் மட்டும் சிறு வேறுபாடு என்பதே என் பரிந்துரை.

கை படும் பொருள் என்பதால் வார்னிஷ் கட்டாயம். முதலில் உறுதிக்குப் பளபளப்பான பூச்சு, அது காய்ந்ததும் பளபளப்பைத் தணிக்க மேட் பூச்சு. ஸ்பிரே வார்னிஷுக்கும் ஈரப்பதம் ஆகாது. முடித்த உருவத்தின் மேல் வெண்மூட்டம் படிந்துவிடும். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அது உள்ளே இறுகக் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் எல்லாவற்றையும் பெட்டியில் ஒன்றாகக் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது பெயின்ட் உரிந்து வரும்.