நெட் கம்பெனியைப் பற்றிப் புகார் எழுதப் போகிறீர்களா?

"இதை ஊரறிய எழுதினால் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிடுவார்களா அண்ணே?" நுகர்வோர் ஆணையத்துக்கு மனு அடிக்க என் கடைக்கு வருகிறவர்களில் பலர் இதைக் கேட்காமல் போவதில்லை. நான் வக்கீல் இல்லை, தட்டச்சுக்காரன். ஆனால் இந்த மாதிரி மனுக்களை அடித்து அடித்தே சில விஷயம் பிடிபட்டிருக்கிறது.

பயம் ஒன்றும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் 2007-இல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி, இணைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், கம்பெனியின் பெயரைக் கெடுக்கும்படி நடந்துகொண்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு வரி இருந்தது. கூச்சல் கிளம்பிய பிறகு மாற்றினார்கள். விமர்சனம் எழுதக்கூடாது என்று வாடிக்கையாளர் வாயைக் கட்டும் ஷரத்துகள் செல்லாது என்று 2016-இல் அங்கே சட்டமே வந்தது. நம் ஊரில் அதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. அதனால் நம் ஒப்பந்தத்தை நாம்தான் படிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "விதிமுறைகள் இணையதளத்தில்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அங்கே போய் முழுவதையும் பிடிஎஃப் ஆக இறக்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே மாற்றிவிடலாம். அதில் "டெர்மினேட்" (terminate, துண்டிப்பது), "ரெப்யூடேஷன்" (reputation, நற்பெயர்) என்ற சொற்களைத் தேடுங்கள். எங்கள் இணைப்பு வழியாக அவதூறு பரப்பாதே என்றிருந்தால் பதற வேண்டாம், அது வழக்கமாக எல்லோரும் போடுவது. தக்க காரணம் இல்லாமல் தன்னிச்சையாகத் துண்டிப்போம் என்றிருந்தால் அடிக்கோடிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்குச் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. அந்த ஷரத்தை எதிர்க்கும் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போகும். சேவைக் குறைபாடு மட்டும் என்றால் மாவட்ட ஆணையமே போதும். "வழக்கு மும்பையில்தான்" என்று ஒரு வரி இருக்கும், அதையும் பார்த்து மிரளாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போட அதே சட்டம் இடம் தருகிறது.

எழுதுவதற்கு முன் கம்பெனியில் புகார் பதிந்து டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்குங்கள். நம்பர் இல்லாத புகாரை, புகாரே வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மோடம் பெட்டியில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் "லாஸ்" (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், சீரியல் நம்பரை மட்டும் மறைத்துவிடுங்கள். வேகம் குறைவு என்றால் லேன் வயரைச் சொருகி அளந்து பாருங்கள். வைஃபையில் அளந்தால் "உங்க வீட்டுச் சுவர் சார்" என்பார்கள்.

இனி எழுத்து. மும்பையில் வீடு வாங்கியவர்கள் சிலர் கட்டுநருக்கு எதிராக பேனர் கட்டினார்கள்: லிஃப்ட் பழுது, தண்ணீர்க் கசிவு, சங்கம் அமைத்துத் தரவில்லை என்று. அவர் கிரிமினல் அவதூறு வழக்கு போட்டார். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மோசடி, ஏமாற்று போன்ற சொற்கள் எதுவும் பேனரில் இல்லை என்பதை நீதிபதிகள் குறிப்பாகக் கவனித்தார்கள். எனக்கு இது பெரிய பாடம். கடைக்கு வருகிறவர் சொல்வார்: "திருட்டுக் கம்பெனி, ஜனங்களை ஏமாத்துறான்." நான் அடிப்பது: "இந்த மாதம் 3-ஆம் தேதி முதல் 9-ஆம் தேதி வரை இணைப்பு இல்லை. மூன்று முறை புகார் செய்தேன், டாக்கெட் நம்பர்கள் உள்ளன. முழு மாதத்துக்கும் பில் வந்திருக்கிறது." படித்துப் பார்த்துவிட்டு, "காரமே இல்லையே" என்பார். ஆனால் கம்பெனிக்கு உறைப்பது இதுதான், மறுக்க முடியாதே. ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நீட்டாமல் உங்களுக்கு நடந்ததோடு நிறுத்துங்கள். அப்புறம், லைன் பார்க்க வந்த பையன் பெயரை இழுக்காதீர்கள். அவன் ஏற்கெனவே மேலிடத்திலும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன்.

"66ஏ-யில் உள்ளே தள்ளிவிடுவோம்" என்று யாராவது மிரட்டினால் சிரித்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. அவதூறுச் சட்டம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதறிப்போய் பதிவை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பதிவையும் நோட்டீஸையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

கம்பெனிக்காரர்கள் கேட்கவே இல்லையென்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதென்றால், சேவைக்கு நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. என் தட்டச்சுக் கூலி தனி.

சில நேரம் தேன் தடவிய குரலில் போன் வரும்: "சார், பதிவை எடுத்துடுங்க, ஒரு மாச பில் தள்ளுபடி." தள்ளுபடியை முதலில் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வந்த பிறகும் பதிவை எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "இன்ன தேதியில் சரிசெய்தார்கள்" என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.