டையின் நுனி எங்கே நிற்க வேண்டும்?

நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளையர்களைக் காலையில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலைய மின்படிகளில் பாருங்கள். சட்டை தேய்த்திருக்கும், காலணி பளபளக்கும், டை மட்டும் தொப்புளோடு நின்றிருக்கும். பள்ளியில் ஸிப் வைத்த டை போட்டுப் பழகியவர்களுக்கு நீளம் பார்க்க வேண்டிய தேவையே வந்திருக்காது. கறை, சுருக்கம் எல்லாம் அவரவருக்கே தெரியும். இங்கே நீளத்தைப் பற்றி மட்டும்.

நேராக நிற்கும்போது அகல முனையின் கூர்நுனி பெல்ட் கொக்கியின் மேல்விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் இருக்க வேண்டும். அதுதான் அளவு.

முடிச்சை மார்பில் போட்டு மேலே ஏற்றுவது

பத்துப் பேரில் பலர் தடுக்கி விழும் இடம் இது. சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் மார்புக்கு நேரே குறுக்காகப் போட்டு முடிச்சிடுகிறார்கள். நுனி கொக்கியில் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பொத்தானைப் பூட்டி, மெல்லிய முனையைப் பிடித்து முடிச்சை மேலே தள்ளுகிறார்கள். முடிச்சு 5 சென்டிமீட்டர் ஏறினால் நுனியும் அதே 5 சென்டிமீட்டர் ஏறும். முடிச்சு விழுந்த கணத்தில், அதற்குக் கீழே தொங்கும் நீளம் முடிவாகிவிடுகிறது. மெல்லிய முனையை எவ்வளவு இழுத்தாலும் அது மாறாது.

அதற்குப் பிறகு செய்வதுதான் மனத்தை உறுத்துகிறது: அகல முனையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார்கள். நல்ல பட்டு டையின் துணி 45 பாகை சாய்வில் வெட்டப்பட்டது. அதனால்தான் அது இழுபட்டு மீளும். அதன் பின்பக்கத் தையலை ஒரே நீள நூல் தளர்வாகப் பிடித்திருக்கும். டையைப் புரட்டினால், அகல முனைக்கு அருகில் அந்த நூலின் சிறு வளையம் தெரியும். ஓங்கி இழுக்க இழுக்க முடிச்சு கல்லாக இறுகும், உள்துணி முறுக்கிக்கொள்ளும், நாளடைவில் நூல் அறும். இவ்வளவுக்கும் கிடைப்பது ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.

சரியான வழி, அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவது. முதலில் மேல் பொத்தானைப் பூட்டுங்கள். 147 சென்டிமீட்டர் டை, நடுத்தர உயரம், ஃபோர்-இன்-ஹேண்ட் என்னும் எளிய முடிச்சு என்றால், அகல முனை மற்றதைவிடச் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே தொங்கும்படி தொடங்குங்கள். காலரை ஒட்டியே குறுக்காகப் போடுங்கள். கட்டி முடித்தபின் நுனி 3 சென்டிமீட்டர் குறைந்தால், அவிழ்த்து, டையைக் கழுத்தில் 3 சென்டிமீட்டர் மட்டும் அகல முனைப் பக்கம் நகர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்: ஒரு முனை 3 இறங்கும்போது மற்றது 3 ஏறும், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 6 கூடிவிடும்.

அளவு சரியாக அமைந்ததும் ஒருமுறை அவிழ்த்து, மெல்லிய முனை எந்தச் சட்டைப் பொத்தானுக்கு நேரே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே டைக்கு, அதே முடிச்சுக்கு அந்தப் பொத்தான்தான் தொடக்கம்.

முடிச்சை மாற்றி, தொடக்கத்தை மாற்றாதது

ஃபுல் வின்ட்சர் முடிச்சு கூடுதல் துணியை விழுங்கும். அகல முனையை இன்னும் இறக்கித் தொடங்குங்கள். அகல முனை சரியாக நின்றும் மெல்லிய முனை அதற்குக் கீழே எட்டிப்பார்த்தால், டை உங்களுக்கு நீளம். ஃபோர்-இன்-ஹேண்டைவிடச் சற்றுப் பெரிய ஹாஃப் வின்ட்சர் முடிச்சைக் கட்டினால் மிச்சம் உள்ளே போய்விடும். மெல்லிய முனை, அகல முனையின் பின்பக்கம் அதைச் செருகத் தைத்திருக்கும் பட்டியையே எட்டவில்லையா? டை குட்டை. உயரமானவர்கள் 160 சென்டிமீட்டர் அளவில் வரும் நீள டையைக் கேட்டு வாங்கலாம்.

குனிந்து பார்ப்பது

குனிந்தால் நுனி இறங்கித் தெரியும். கண்ணாடியில் நிமிர்ந்து பாருங்கள்.

கோட் மறைக்கும் என்ற நம்பிக்கை

நம் வெயிலில் கோட் பத்து நிமிடம் தாங்காது.

இடுப்பிலிருந்து இறங்கிய கால்சட்டை

இடுப்புக்குக் கீழே நிற்கும் கால்சட்டையோடு பார்த்தால், சரியான டையும் குட்டையாகத் தெரியும். முதலில் கால்சட்டையை அதன் இடத்தில் ஏற்றி, பெல்ட்டைப் பூட்டிவிட்டு, அதன்பின் டையைக் கையில் எடுங்கள்.