மூளையில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் என்ன செய்ய வேண்டும்

ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி சொல்வார்கள். அதற்கு முன்னால், டாக்டரிடம் பேசுவது, ஃபைலைத் தூக்குவது, மாத்திரைக் கணக்கு வைப்பது மூன்றுக்கும் பொறுப்பாக ஒரே ஆளை முடிவு செய்யுங்கள். திருமங்கலத்தில் எங்கள் அண்ணனுக்கு அந்த ஆள் நான். ஆபரேஷன் செய்பவர் ஒருவர், கரண்ட் (ரேடியேஷன் சிகிச்சை) வைப்பவர் வேறொருவர், மருந்து எழுதுபவர் இன்னொருவர். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் நாம்தான்.

ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. சிடி, பயாப்சி ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்று கேளுங்கள். கட்டி எந்த வகை, மருந்துக்கு எப்படிக் கேட்கும் என்று பார்க்கிற ஐடிஹெச், எம்ஜிஎம்டி டெஸ்ட்டை வெளி லேபில் செய்ய அதுதான் வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு உடனே கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். எங்களுக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன், அங்கேயே பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட்.

கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) என்றால் வழக்கமாக 6 வாரத்தில் 30 தடவை கரண்ட், கூடவே தினமும் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்து. அதை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், வாந்தி மாத்திரை அரை மணி நேரம் முன்னால். கேப்ஸ்யூலைப் பிரிக்கக் கூடாது. வாராவாரம் ரத்த டெஸ்ட் உண்டு. காய்ச்சல் 100.4 தொட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வீட்டில் நம்மை அதிகம் அசைப்பது டெக்ஸாமெத்தசோன்தான். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு அது. தலைவலி சட்டென்று அடங்கும், ஆனால் சுகர் ஏறும், பசி ஏறும், தூக்கம் போகும். அண்ணன் நடுராத்திரி பீரோவைத் திறந்து மடித்த வேட்டிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பார். இட்லி ஆறியிருந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். அண்ணிக்கு அழுகையாக வரும். மருந்தும் கட்டியும் படுத்துகிற பாடு இது, மனுஷன் மாறிவிடவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். காலை டிபனுக்குப் பிறகே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ராத்திரி தூக்கம் கொஞ்சம் திரும்பும். ஒன்று மட்டும் முக்கியம்: நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. டோஸ் மாறும் ஒவ்வொரு முறையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அப்படியும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். "பெரியம்மா, அது வேணாம், நீங்க கடிகாரத்துல மணியைப் பாருங்க" என்றேன். உண்மையிலேயே தேவையான வேலை அது. 5 நிமிஷம் தாண்டினால் 108.

கை கால் பலவீனமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். பிசியோதெரபிக்கும் வலிநிவாரண கவனிப்புக்கும் வீட்டுக்கே வருவார்கள். கடைசி நாளுக்கு என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே அவரிடமே கேளுங்கள்: இன்னொரு ஆபரேஷன் என்றால் சம்மதமா, கடைசிக் காலம் எங்கே இருக்க ஆசை, பேங்க் நாமினி யார், பட்டா எங்கே. அதையும் எழுதி அதே ஃபைலில் வையுங்கள்.