தரைத்தகட்டைத் தின்ற துருவின் வழி

பதிவைப் புதுப்பித்து ஓட்டும் எங்கள் பழைய குடும்பக் காரில், வடகிழக்குப் பருவமழை வந்தாலே ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் அடியில் கால்விரிப்பு ஊறி, தரைத்தகடு துருவேறிப் பொத்தலானது. காட்பாடிப் பட்டறையில் கதவு ரப்பரை மாற்றியும், முன்கண்ணாடி ஓரத்தில் சீலண்ட் பூசியும் பயனில்லை. டிங்கர் வைத்த ஒட்டுத்தகட்டின் விளிம்பிலும் மறுபடி துரு பூத்தது.

வேப்பமரத்தடியில் நிறுத்திய நாட்களில்தான் நீர் கூடுதலாக இறங்கியது என்பதே துப்பு. வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், வடிகால் துளையில் வேப்பிலை ஈர்க்குகளும் புழுதியும் இறுகிக் கிடந்தன. வடியாத மழைநீர், காருக்குள் காற்று வீசும் புளோயரின் காற்றுவழியாக உள்ளே வழிந்திருக்கிறது. துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, மேலே ஊற்றிய குடத்து நீர் முழுவதும் வெளியே ஒழுகியதைக் கண்டபோதுதான் நிம்மதி வந்தது.

விரிப்பின் அடியிலிருந்த ஈரப் பஞ்சை எடுத்தெறிந்து, தரையை வேலூர் வெயிலில் உலர்த்தி, துருவேறிய பகுதியை வெட்டியபின் புதுத் தகட்டை வெல்டிங் செய்து துருவைத் தடுக்க ஜிங்க் பிரைமர் அடித்தோம்.